மூன்றாவது மாடியில் பெஞ்ச் இல்லை

அந்தக் கம்பெனியிலிருந்து எதுவும் வெளியே போகாது. எனக்கு முதலில் புரியாமல் போனது அதுதான்.

அதற்கு முன்னால் அதே காம்பவுண்டுக்குள் ஒரு துணிக் கம்பெனியில் இருந்தேன். சட்டையில் பிசிறு நூல் வெட்டுகிற வேலை. சாயங்காலம் லாரி வரும். அட்டைப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு போகும். பெட்டிமேல் இங்கிலீஷில் என்ன எழுதியிருக்கிறது என்று எனக்குப் படிக்கத் தெரியாது. ஆனாலும் இன்று என்ன செய்தோம் என்று தெரியும். என் வீட்டுக்காரர் வேலை பார்த்த தோல் ஷெட்டிலும் அப்படித்தான். உள்ளே ஒன்று போகும், வெளியே வேறொன்று வரும்.

துணிக் கம்பெனியை மூடிவிட்டார்கள். பக்கத்துக் கட்டடத்தில் கம்ப்யூட்டர் கம்பெனி. ஹவுஸ்கீப்பிங் கான்ட்ராக்டில் ஆள் எடுப்பதாகச் சொன்னார்கள். போனேன். அஞ்சாவது வரை படித்திருக்கிறேன் என்றேன்.

"மெஷின்ல பட்டன் அமுக்கத் தெரியுமா?" என்றார் சூப்பர்வைசர்.

"காட்டிக் குடுத்தா தெரியும்."

"அப்ப சரி. நாளைக்கு வந்துடு."

பொழிச்சலூரிலிருந்து பல்லாவரத்துக்கு பஸ். அங்கிருந்து ரயிலில் சானடோரியம். இறங்கி நடந்தால் கம்பெனி. மூன்றாவது மாடி பேன்ட்ரி எனக்கு. பேன்ட்ரி என்றால் அடுப்பு இல்லாத சமையலறை மாதிரி. காபி மெஷின் இருக்கும். தண்ணீர் கேன், கப் அடுக்குகிற அலமாரி, சாப்பாடு சூடு பண்ணுகிற பெட்டி. முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி. அங்கே நின்றால் மாடி முழுக்கத் தெரியும். வரிசை வரிசையாகத் தலைகள். ஒவ்வொரு தலைக்கு முன்னாலும் ஒரு கம்ப்யூட்டர்.

காலையில் வருவார்கள். பார்த்துக்கொண்டு உட்காருவார்கள். சாயங்காலம் போவார்கள். லாரி வராது.

என்ன செய்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். எல்லோரையும் கேட்க மாட்டேன். காபி மெஷின் சூடாகும்வரை சும்மா நிற்பார்கள் இல்லையா, அப்போது கேட்பேன். ஒரு பெண் பேங்க் என்றாள். ஒருத்தர் ஏரோப்ளேன் டிக்கெட் என்றார். இன்னொருத்தர், "நாங்க எழுதறோம்" என்றார். அந்த மாடியில் பேனா பிடித்தவரை நான் பார்த்ததே இல்லை. இதெல்லாம் ஒரே இடத்தில் எப்படி நடக்கும் என்று யோசித்தபடி கப் கழுவுவேன்.

அவர்கள் பேச்சும் எனக்குத் தெரிந்த வார்த்தைகளில்தான் இருந்தது. அர்த்தம்தான் வேறு. ஒரு பெண் ஒல்லியாக இருப்பாள். ஒருநாள் காபி பிடித்துக்கொண்டே தோழியிடம், "வெள்ளிக்கிழமை எனக்கு டெலிவரி, தூக்கமே இல்லடி" என்றாள். அவள் வயிற்றைப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. காபியைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன்.

"காபி வேணாம்மா. பால் குடி. வெள்ளிக்கெழமைய வெச்சிகினு வேலைக்கு வரலாமா? வூட்ல யாரும் சொல்ல மாட்டாங்களா?"

இரண்டு பேரும் என்னையே பார்த்தார்கள். பிறகு தோழி தரையில் உட்கார்ந்து சிரித்தாள். ஒல்லிப் பெண் சிரிக்கவில்லை. "அக்கா, எனக்கு இன்னும் கல்யாணமே ஆகலக்கா" என்றாள். வேலையை முடித்து அனுப்புவதற்குத்தான் டெலிவரி என்று பெயராம். வெள்ளிக்கிழமை வந்ததும் அந்த வரிசையே என்னிடம் வந்து, "அக்கா, சுகப் பிரசவம்" என்று சொல்லிவிட்டுப் போனது.

எதை அனுப்பினார்கள் என்று அன்றைக்கும் தெரியவில்லை.

பிறகு கெட்ட வருஷம் வந்தது. அமெரிக்காவில் பேங்க் விழுந்துவிட்டது என்றார்கள். அங்கே விழுந்தால் இங்கே என்ன என்று நினைத்தேன். பேன்ட்ரியில்தான் முதலில் தெரிந்தது. க்ரீம் பிஸ்கட் நின்றது. அப்புறம் சாதா பிஸ்கட் நின்றது. காகிதக் கப் கிடையாது, அவரவர் கப் கொண்டுவர வேண்டும் என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். கை துடைக்கிற காகிதம் பாதியாகக் குறைந்தது. மாடியில் தலைகளும் குறைந்தன.

அப்போதுதான் சூப்பர்வைசர் அந்த வார்த்தையைச் சொன்னார். "உங்க மாடியில கடைசி ரூம்ல பெஞ்ச் ஆளுங்களப் போடுறாங்க. அந்த ரூமையும் நீயே பாத்துக்க."

துடைக்கிற துணியோடு போனேன். பெஞ்ச் எங்கேயும் இல்லை. சக்கரம் வைத்த நாற்காலிகள்தான். அதில் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். திரும்பி வந்து, "ரூமு மாறிப்போச்சு சார், அங்க பெஞ்ச் இல்ல" என்றேன்.

"ஏம்மா, பெஞ்சுன்னா பெஞ்சா?" என்று தலையில் அடித்துக்கொண்டார். அவரும் விளக்கிச் சொல்லவில்லை. அவருக்கும் தெரிந்திருக்காது.

விளக்கிச் சொன்னது அந்த அறையிலிருந்த ஒரு தம்பி. குன்றத்தூர்ப் பிள்ளை. மலை அடிவாரத்தில் அவன் அப்பாவுக்குப் பூக்கடை. உயரமாக, கண்ணாடி போட்டு இருப்பான். நான் 'சார்' என்று கூப்பிட்டால் பின்னால் திரும்பி யாரையோ தேடுவான். அப்புறம் தம்பி என்றே கூப்பிட்டேன். அந்த அறையில் உட்காரப் பிடிக்காமல் பேன்ட்ரிக்கு வந்து நிற்பான். காபி குடிப்பான். குடித்த கப்பைக் கழுவி மறுபடி காபி பிடிப்பான்.

"பெஞ்சுன்னா இன்னா தம்பி?"

"ப்ராஜெக்ட் இல்லாம இருக்கறதுக்கா. ஒரு வேல முடிஞ்சிடுச்சு, அடுத்தது வரல. நடுவுல உட்கார வச்சிருப்பாங்க."

"சம்பளம்?"

"வரும்."

"சும்மா குந்திகினு இருந்தாலா?"

"கொஞ்ச நாளைக்கு வரும். அதுக்குள்ள ப்ராஜெக்ட் கெடைக்கலன்னா அனுப்பிடுவாங்க."

என் வீட்டுக்காரர் தோல் ஷெட் போன பிறகு பெயிண்ட் வேலைக்குப் போகிறார். காலையில் பம்மல் மெயின் ரோட்டில் போய் நிற்பார். பெயிண்டர், கொத்தனார், சித்தாள் எல்லோரும் அங்கே நிற்பார்கள். மேஸ்திரி வண்டியில் வந்து கையைக் காட்டுவார். ஏறினால் வேலை. வெயில் ஏறும்வரை கூப்பிடாவிட்டால் டிபன் பாக்ஸோடு வீட்டுக்கு வந்துவிடுவார். மதியம் அதே சாப்பாட்டைத் திறந்து வீட்டில் சாப்பிடுவார்.

தம்பியிடம் இதைச் சொன்னேன். "அதுதான்க்கா" என்றான். "அதேதான். அங்க வெயில், இங்க ஏ.சி."

எனக்கு அந்தக் கம்பெனியில் முதன்முதலாகப் புரிந்த வார்த்தை அது.

அவன் சலிக்காமல் பதில் சொல்லுவான். அதனால் கேட்டேன். முன்னால் என்ன செய்தாய் என்றேன். வெளிநாட்டில் ஒரு பெரிய கடையாம். ஊருக்கு ஊர் கடை. அங்கே ஒருத்தர் சட்டை வாங்கிப் போய், பிடிக்கவில்லை என்று திருப்பிக் கொண்டுவந்தால் காசைத் திருப்பித் தர வேண்டும். கம்ப்யூட்டரில் அந்த இடம் மட்டும் இவனுடையது.

"விக்கிறதுக்கு?"

"அதுக்கு வேற டீம்."

"நீ திருப்பிக் குடுக்கறதுக்கு மட்டும்?"

"ஆமாக்கா. ரெண்டு வருஷம்."

"நம்ம ஊர்ல அதுக்கு ஒரு போர்டு மாட்டிடுவாங்களே தம்பி. விற்ற பொருள் திரும்பப் பெறப்படாதுன்னு. வேல முடிஞ்சிடுச்சு."

மெஷினைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். பிறகு சிரிப்பு நின்றது. "கடைசியில அவங்களும் அதைத்தான் செஞ்சாங்க. கடையப் பாதி மூடிட்டாங்க" என்றான்.

அந்தச் சமயத்தில் அவனுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சிட்லபாக்கம். ஏரிக்குப் பக்கத்துத் தெருவில் வீடு. பெண்ணுக்கு அப்பா இல்லை, தாய்மாமன்தான் எல்லாம் பார்க்கிறார். போய்ப் பார்த்துவிட்டு வந்த திங்கட்கிழமை காபி குடிக்காமலே நின்றுகொண்டிருந்தான்.

"புடிச்சிதா?"

"ம்."

"அதுக்கு?"

"அதுக்கும் புடிச்ச மாதிரிதான் இருந்துச்சு. போன் நம்பர் குடுத்துச்சு."

"பெஞ்ச்ல கீறன்னு சொல்ட்டியா?"

கப்பைக் கழுவினான். அது ஏற்கெனவே கழுவின கப்.

"எங்க வீட்டுலயே தெரியாதுக்கா. ப்ராஜெக்ட் வந்துட்டா யாருக்கும் சொல்லவே வேணாம்ல."

"வருதா?"

"ஒண்ணு வந்துச்சு. வேணாம்னுட்டேன்."

கையிலிருந்த துணியை வைத்துவிட்டேன். மேஸ்திரி கை காட்டி, மாட்டேன் என்று நின்ற ஆளை நான் பார்த்ததில்லை.

"ஏன் தம்பி?"

"அது பழைய மெஷின்க்கா. கறுப்பு ஸ்கிரீன், பச்சை எழுத்து. நான் பொறக்கறதுக்கு முன்னாடி எழுதுனது. அதுல போய் மாட்டுனா நான் கத்துக்கிட்டது மறந்துடும். அப்புறம் வெளிய யாரும் எடுக்க மாட்டாங்க."

"மெஷின் பழசா இருந்தா இன்னா, சம்பளம் புதுசுதான?"

"உங்களுக்குப் புரியாதுக்கா" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. எனக்கும் புரியவில்லைதான்.

பெண் கொடுக்கிறவர்கள் விசாரிக்க வருவார்கள். எங்கள் பக்கம் அது வழக்கம். வீட்டில் கேட்க மாட்டார்கள். எதிர்க்கடை, அயர்ன் வண்டி, ஆட்டோ ஸ்டாண்ட் என்று கேட்பார்கள். கம்பெனி என்றால் வாட்ச்மேன். கேட்டில் நின்று ஒருத்தர் கேட்டதற்கு, எங்கள் வாட்ச்மேன் என்னைக் கைகாட்டிவிட்டார். "தேர்டு ஃப்ளோரா? பேன்ட்ரி அக்கா வரும், அதக் கேளு சார். யார் எத்தன காபி குடிச்சான்றது வரைக்கும் சொல்லும்."

நாலு மணிக்கு டியூட்டி முடிந்து வெளியே வந்தேன். டீக்கடை ஓரத்தில் பெரியவர் ஒருத்தர் குடையை ஊன்றிக்கொண்டு நின்றார். சலவைச் சட்டை. பாக்கெட்டில் கண்ணாடிக் கூடு.

"அம்மா, ஒரு நிமிஷம். குன்றத்தூர்ப் பையன் ஒருத்தர், ஒசரமா, கண்ணாடி போட்டிருப்பாரு. உங்க மாடிதானே? எங்க தங்கச்சி பொண்ணுக்குப் பாக்கறோம்."

டீ வாங்கிக் கொடுத்தார். விசாரிக்க வருகிறவர்கள் எதையாவது வாங்கிக் கொடுப்பார்கள். குடித்தேன்.

"பையன் எப்படிம்மா? தண்ணி கிண்ணி?"

"காபித் தண்ணிதான் சார். அது நெறைய."

"சிகரெட்?"

"என் மூக்குக்கு வந்ததில்ல."

"பொண்ணுங்களோட பழக்கம்?"

"பேசுவாரு. அங்க எல்லாரும்தான் பேசுவாங்க."

"கோபம்?"

"மெஷின்ல காபி வரலன்னா ஒரு தட்டு தட்டுவாரு."

தலையாட்டிக்கொண்டார். திருப்தி. சுற்றிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"பையன் பெஞ்சா, ப்ராஜெக்டா?"

ரத்தப் பரிசோதனையில் பாசிட்டிவா நெகட்டிவா என்று கேட்பதுபோல் கேட்டார்.

"பெஞ்சுன்னா இன்னான்னு தெரியுமா சார்?"

"தெரியாது. எதுத்த வீட்டுக்காரர் சொன்னாரு, சாஃப்ட்வேர்னா அத மட்டும் கேட்டுடுங்கன்னு. பெஞ்சுன்னா பொண்ணு குடுக்காதீங்கன்னாரு."

எங்கள் மாடியில் பெஞ்சே இல்லை சார், எல்லாம் நாற்காலி என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனியில் அதுதான் இருந்தது. பொய்யும் இல்லை. அவர் நம்பிக்கொண்டு போயிருப்பார்.

எனக்குப் பார்த்தபோதும் இப்படி விசாரித்தார்கள். தோல் ஷெட் வாசலில் என் பெரியப்பா நின்று கேட்டார். மாப்பிள்ளை பர்மனெண்டா என்று. உள்ளே வேலை பார்த்த ஒரு ஆள், பர்மனெண்ட் என்றார். கூட வேலை பார்க்கிறவனுக்கு நல்லது செய்கிறோம் என்று சொல்லியிருப்பார். கல்யாணமாகி மூன்றாம் மாதம் தெரிந்தது, இவர் தினக்கூலி. இவர் மேல் எனக்குக் குறை கிடையாது. இவரை யாரும் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை. அந்த வாசலில் நின்று சொன்ன ஆளைத்தான் இன்றைக்கும் மறக்க முடியவில்லை. முகம்கூடப் பார்த்ததில்லை.

"பெஞ்ச்லதான் கீறாரு சார்" என்றேன்.

பெரியவர் குடையைக் கை மாற்றிப் பிடித்தார். பெஞ்ச் என்றால் என்ன என்று எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். பம்மல் ரோட்டில் என் வீட்டுக்காரர் நிற்கிற மாதிரிதான் என்று சொன்னேன்.

"வேலையே வரலியா அப்போ?"

"ஒண்ணு வந்துச்சு. பழைய மெஷின்னு வேணான்னுட்டாரு."

"வந்த வேலைய வேணாம்னாரா?"

அவர் முகம் அப்போதுதான் மாறியது. பெஞ்ச் என்றதுகூட அவரை அவ்வளவு உறுத்தவில்லை. டீ கிளாஸைப் பாதியில் வைத்தார். "சரிம்மா, ரொம்ப நன்றி" என்று ஸ்டேஷன் பக்கம் நடந்தார்.

மறுநாள் காலை தம்பி வந்ததும் நானே சொன்னேன். அவன் வீட்டார் சொல்லி அவனுக்குத் தெரியவேண்டாம் என்று நினைத்தேன்.

"பொண்ணோட மாமா வந்தாரு. பெஞ்ச்னு சொல்ட்டேன். வந்த வேலைய வேணான்னதும் சொல்ட்டேன்."

"ஏங்க்கா?"

"கேட்டாரு."

"தெரியாதுன்னு சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருக்கலாம்."

பிடித்த காபியை அப்படியே மேடைமேல் வைத்துவிட்டுப் போனான். ஆறின பிறகு நான் ஊற்றினேன்.

அதன் பிறகு எங்கள் பேன்ட்ரிக்கு வரவில்லை. இரண்டாம் மாடிக்குப் போய்க் குடித்தான். இரண்டாம் மாடி அக்கா சேலையூர்க்காரி, வாய் சும்மா இருக்காது. படியில் பார்த்தபோது, "இன்னாடி, உன் தம்பி எங்க மாடிக்குக் குடி வந்துட்டாரு? காபில உப்பு கிப்பு போட்டியா?" என்றாள்.

"ஆமா, போட்டேன்" என்றேன்.

குன்றத்தூருக்கு போன் வந்துவிட்டதாம். யோசித்துச் சொல்கிறோம் என்றார்களாம். அதற்கு என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். அவன் அப்பா பூக்கடையில் உட்கார்ந்தபடி, "சம்பளம் வருதுன்ற, வேல இல்லன்ற, எதுடா நெசம்?" என்று கேட்டாராம். இதெல்லாம் அவன் பிறகு சொன்னது.

ஒருநாள் மதியம், சாப்பாட்டு நேரம் முடிந்து நான் மேடையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். கையில் போனோடு ஓடிவந்தான். எங்கள் பேன்ட்ரி ஜன்னலில்தான் சிக்னல் நன்றாகக் கிடைக்கும். என்னைப் பார்த்தான். ஒரு நொடி நின்றான். பிறகு ஜன்னலுக்குப் போய்விட்டான். நான் வெளியே போயிருக்கலாம். போகவில்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்று இருந்தது.

"சொல்லுங்க... ஆமா... இல்லங்க, பெஞ்சுன்னா பெஞ்ச் இல்ல... சேர்தான்... இல்ல, முட்டி போட்டெல்லாம் நிக்க வைக்க மாட்டாங்க."

எதிர்ப்பக்கம் அந்தச் சிட்லபாக்கத்துப் பெண் சிரிக்கிற சத்தம் எனக்கே கேட்டது. அவன் காது சிவந்தது.

"ஆமா, சம்பளம் வருது... ரெண்டு மாசம்... இல்ல, மறைக்கணும்னு இல்ல... ஆமா. மறைச்சேன்."

கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டே இருந்தான்.

"அது பழைய மெஷின்ங்க. கறுப்பு ஸ்கிரீன்ல பச்சை எழுத்து வரும். இப்பல்லாம் யாரும்... என்னது?... உங்க ஆபீஸ்லயா?... தெனமுமா?"

அதற்கப்புறம் அவன் பேச்சு "ம்" மட்டும்தான். போனை வைத்துவிட்டு ஜன்னல் பக்கமே நின்றான். விமானம் ஒன்று தாழ்வாகப் போனது. அது போய்ச் சத்தம் அடங்கும்வரை திரும்பவில்லை.

"இன்னா சொல்லிச்சு?" என்றேன். பல நாள் கழித்து அவனிடம் நான் பேசிய முதல் வார்த்தை அது.

"அவங்க ஒரு கூட்டுறவு சொசைட்டில வேலைக்கா. நகைக் கடன். அங்க இருக்கற கம்ப்யூட்டர் கறுப்பு ஸ்கிரீனாம். பச்சை எழுத்தாம். தெனம் காலைலேருந்து சாயங்காலம் வரைக்கும் அதைத்தான் பாக்கறாங்களாம்."

"அதனால?"

"'அப்ப நானும் பழைய மெஷினா?'ன்னு கேக்கறாங்க."

சிரிப்பு வந்தது. அடக்கினேன். அவன் அடக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டான். பிறகு நேராக மேனேஜர் அறைக்குப் போனான்.

மேனேஜர் அறையும் கண்ணாடிதான். பேன்ட்ரியிலிருந்து தெரியும், கேட்காது. தம்பி நின்றபடி பேசினான். மேனேஜர் நாற்காலியில் சாய்ந்தார். தலையைப் பக்கவாட்டில் ஆட்டினார். போச்சு என்று நினைத்தேன். பிறகு முன்னால் வந்து ஏதோ எழுதினார். தம்பி உட்கார்ந்தான். உட்காரச் சொன்னால் பேச்சு இருக்கிறது என்று அர்த்தம். அந்த அளவுக்கு எனக்கு அந்த மாடி பழகியிருந்தது.

அவன் வேண்டாம் என்ற அந்தப் பழைய மெஷின் வேலைக்கு வேறு யாரும் போகவில்லை. ஆனால் இப்போது வெளிநாட்டுக்காரர்கள் போனில் கேள்வி கேட்டுத்தான் எடுப்பார்களாம். அடுத்த வாரம் கேட்பார்கள். இவனுக்கு அந்தப் பழைய மெஷினைப் பற்றி ஒன்றுமே தெரியாது. தடித் தடியாகக் காகிதக் கட்டு எடுத்துவந்தான். பேன்ட்ரி மேடைமேல் வைத்து முணுமுணுவென்று படித்தான். காபிக்கு வருகிறவர்கள், "மச்சான், வேற கெடைக்கலியா உனக்கு? உள்ள போனா கெழவனாத்தான்டா வெளிய வருவ" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அவன் பக்கத்தைத் திருப்பினான்.

"எப்பிடி தம்பி கீது, அந்த பாஷை?"

யோசித்தான். "சமஸ்கிருதம் மாதிரிக்கா. வீட்டுல யாரும் பேசறதில்ல. ஆனா கல்யாணம் கருமாதி எல்லாம் அதுலதான் நடக்குது."

கேள்வி கேட்ட அன்று அவன் சாப்பிடவில்லை. சின்ன மீட்டிங் ரூமுக்குள் போனான். நான் வெளியே இருந்த தொட்டிச் செடி இலைகளை ஒவ்வொன்றாகத் துடைத்தேன். அவ்வளவு சுத்தமான செடி அந்தக் கட்டடத்தில் வேறு இருந்திருக்காது. வெளியே வந்தபோது சட்டை முதுகு நனைந்திருந்தது. அந்த ஏ.சி.யிலும்.

"பாதிக்குத் தெரியாதுன்னு சொன்னேன்க்கா."

"அய்யோ."

"தெரியாதுன்னு சொன்னது அவங்களுக்குப் புடிச்சிருச்சு போல. தெரிஞ்ச மாதிரி பேசறவங்களாலதான் போன தடவ பேஜாராயிடுச்சாம். எடுத்துட்டாங்க."

அவன் இடம் மாடியின் அந்தக் கோடிக்கு மாறியது. மறுநாளே துடைக்கிற சாக்கில் போனேன். கறுப்புத் திரை. பச்சை எழுத்து. வயல்வெளியில் ராத்திரி பூச்சி மின்னுகிற மாதிரி இருந்தது. எனக்குப் பிடித்தது.

"இது இன்னா செய்யுது தம்பி?"

"பென்ஷன்க்கா. அந்த ஊர்ல ரிட்டயர் ஆனவங்களுக்கெல்லாம் மாசாமாசம் பணம் அனுப்புது. பென்ஷன்காரர் செத்துட்டா அவங்க வீட்டுக்காரம்மா பேருக்கு மாத்துது."

"திருப்பி வாங்கறது இல்லியே?"

"இல்லக்கா. குடுக்கறது மட்டும்தான்."

இது எனக்கு உடனே புரிந்தது. வெளியே போகிற பொருளை ஒரு வழியாகக் கண்டுபிடித்துவிட்டேன். லாரி தேவைப்படவில்லை, அவ்வளவுதான்.

அந்த மாதக் கடைசியில் பெரியவர் மறுபடி வந்தார். அதே டீக்கடை. இந்தத் தடவை நான் வருவதற்கு முன்பே டீ சொல்லி வைத்திருந்தார்.

"பொண்ணு ஒரே பிடியா நிக்குதும்மா. இந்தப் பையன்தான்னு. இப்ப ப்ராஜெக்ட் வந்துடுச்சுன்னு சொல்றாங்க. அவங்க சொல்லுவாங்க. நீங்க சொல்லுங்க."

"வந்துடுச்சு சார்."

"பழைய மெஷின்னு வேணாம்னாரே, அதா?"

"அதேதான்."

"ம். என்ன வேலை அது? சொன்னாங்க, எனக்குப் புரியல."

"பென்ஷன் குடுக்கற வேல சார்."

குடையை ஊன்றி நிமிர்ந்தார்.

"பென்ஷனா? யாருக்கு?"

"வெளிநாட்டுல ரிட்டயரானவங்களுக்கு. மாசம் மொதத் தேதி போய்ச் சேரணும். தம்பிதான் பாக்கறாரு."

"கரெக்டா போயிடுதா?"

"போகலன்னா தம்பிக்குத்தான் போன் வருமாம்."

பெரியவர் டீயை ஒரு வாய் குடித்தார். எதிரே ரயில் ஒன்று வந்து நின்று போனது. அவர் அதைப் பார்க்கவில்லை.

"ஒண்ணாந்தேதி ஞாயித்துக்கெழமையா வந்தா?"

"அது கேக்கல சார்."

"கேளுங்க."

"நாளைக்குக் கேட்டு சொல்றேன்."

"நான் இதே எடத்துல நிக்கிறேன்" என்றார்.

மறுநாள் காலை தம்பியிடம் கேட்டேன். ஏன் கேட்கிறேன் என்று கேட்டான். சொன்னேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டான். "இருங்கக்கா" என்று உள்ளே போய், பச்சை எழுத்தில் தேடி, பக்கத்து சீட்டுக்காரரிடமும் கேட்டு, பதில் கொண்டுவந்தான். இரண்டு தடவை சொல்லிக் காட்டச் சொன்னான். சொல்லிக் காட்டினேன்.

சாயங்காலம் பெரியவர் நின்றிருந்தார்.

"ஞாயித்துக்கெழமை வந்தா வெள்ளிக்கெழமையே போயிடுமாம் சார்."

"முந்தியேவா?"

"முந்தியே."

"என்ன மாதிரி பென்ஷன்காரங்கள திங்கக்கெழமை வரைக்கும் உட்கார வைக்க மாட்டாங்களா?"

"மாட்டாங்களாம். ரெண்டு தடவ கேட்டுட்டேன்."

பெரியவர் தனக்குள் ஏதோ கணக்குப் போடுவதுபோல் நின்றார். பிறகு கிளாஸைக் காலி பண்ணி வைத்தார். குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"அப்ப முடிச்சிடலாம்மா" என்றார்.